உங்கள் தெருவில் சேவை உள்ளது

பிப்ரவரி 9

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. உன் விடுதி அறையில் கூட இருக்கும் அந்த நர்ஸ் அக்காவிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை ஒரே குப்பைக்கூடையில் போடாதே. சிரிக்காதே, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எதற்குக் காகிதம் என்று கேட்பாய். வீட்டில் ஒரே போன், அது அப்பாவுடையது. வீட்டு நெட்டில் யார் எதைத் திறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். நெட் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டில் பிறந்தால் இதுதான். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு இரவு வேலைக்குப் போன பிறகு, அப்பாவின் குறட்டை கேட்கத் தொடங்கியதும் எழுதுகிறேன். விடியற்காலையில் ரொட்டி வண்டி வரும்போது ஜன்னலிலிருந்து கயிற்றில் பையை இறக்குவேன் இல்லையா, அதிலேயே கடிதத்தையும் வைத்துவிடுவேன். உன் விடுதிக்கும் ரொட்டி போடுகிறவர் என்பதால் ரொட்டிக்காரரிடம் நேற்றே கேட்டுவைத்தேன். "நான் ரொட்டி விக்கறவன் பாப்பா, தபால்காரன் இல்ல" என்று முறைத்தார். அப்புறம் உன் விலாசம் எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

அக்கா, மூலை வீட்டு பஸ் டிரைவர் மாமா செத்துப்போனார்.

அவரை மருத்துவமனையிலிருந்து ஒரு இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மார்பில் ஒரு பட்டை, கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி. இதயம் தடுமாறினால் பெட்டி நெட் வழியாக மருத்துவமனைக்குச் சொல்லும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவர் வீட்டில் நெட்டே இல்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாட்ட வந்தவர், "லைன் வந்ததும் பச்சையாயிடும்மா, அப்ளிகேஷன் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு ராத்திரி அவர் இதயம் நின்றபோது பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்று மருத்துவமனையில் நினைத்தார்கள். மறுநாள் மாமி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் சிவப்புதான்.

இப்போது குருவியும் அதே மருத்துவமனையில் இருக்கிறாள். தெருக்கோடித் தையல்காரம்மாவின் மகள், என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள், உனக்கு நினைவிருக்கும். விளையாட்டு வகுப்பில் மயங்கி விழுந்தாள். அவளுக்கும் இதயத்தில்தான் கோளாறு. அவளையும் அந்தப் பெட்டியோடுதான் அனுப்பப்போகிறார்களாம்.

நம் தெருவில் நெட் இருப்பது நம் வீட்டில் மட்டும்தான். அதுவும் யாருக்கும் தெரியாது. கம்பி பின்பக்கமாக வந்து குளியலறை ஜன்னல் ஓரமாக நுழைகிறது. நெட் பெட்டி பரணில், பழைய போர்வைக்குள். "வெளியில மூச்சு விடக்கூடாது" என்று அப்பா சொன்னது உனக்கும் சேர்த்துத்தானே. பிறகு ஏன் நம் தெரு முழுவதிலும் லைன் இருப்பதாக மருத்துவமனையில் சொல்கிறார்கள்? நீ அந்த விசாரணைக் கமிஷனில் டைப் அடிக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

வாண்டு


பிப்ரவரி 14

வாண்டு,

உன் கடிதம் ஒரு ரொட்டிப் பொட்டலத்துக்குள்ளிருந்து வந்தது. எண்ணெய்க் கறையில் பாதி வரிகளை விளக்கில் பிடித்துப் படித்தேன்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எதுவும் எழுத வராது. அப்பா என் பையைத் தெருவில் வீசிய அன்று நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். உன் கால்விரல்கள் கதவுக்கடியில் தெரிந்தன. "கம்பெனி சோத்தைத் தின்னு வளந்துட்டு, கம்பெனிக்கு எதிரா டைப் அடிக்கப் போறியா" என்று அவர் கத்தினார். அந்தக் கால்விரல்கள் நகரவே இல்லை. பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சரி, சொல்லிவிட்டேன். இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன். ஒருவேளை பேசுவேன்.

டிரைவர் மாமா என்னைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தம் இல்லாத இடத்தில் இறக்கிவிடுவார். "பெரிய இடத்துப் பொண்ணு, நடக்க விடலாமா" என்பார். நம்பவே முடியவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதைச் சொன்னேன் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும், ஆகவே நீயும் கிழித்துப்போடு. இங்கே விசாரிப்பதே அதைத்தான். எந்த வீட்டுக்கு லைன் கொடுக்க முடியும், எந்த வீட்டுக்கு முடியாது என்பதை எல்லாரும் பார்க்கும்படி கம்பெனிகள் வெளியிட வேண்டுமா, வேண்டாமா? இப்போதைக்கு அவர்கள் அரசாங்கத்துக்கு மட்டும், அதுவும் தெருக்கணக்கில் சொன்னால் போதும். தெருவில் ஒரு வீட்டில் லைன் உயிரோடு இருந்தால் தெரு முழுவதும் "சேவை உள்ளது". லைன் உயிரோடு இருக்கிறதா என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாகவே பார்த்து எழுதிக்கொள்ளும். மருத்துவமனை கேட்டாலும் அதே பதில்தான். சேவை இல்லாத தெரு என்று எழுதிவிட்டால் அந்தத் தெருவை அரசாங்கம் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடும். அதனால் தெருவுக்கு ஒரு வீடு. நம் தெருவுக்கு எது அந்த வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலை வெளியிட்டால் என்ன கெட்டுவிடும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போட்டிக் கம்பெனிக்கு நாங்களே வழி காட்டுவதா? கம்பி எங்கே போகிறது என்று தெரிந்தால் விஷமிகள் வெட்டிவிட மாட்டார்களா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அதை அப்படியே டைப் அடித்தேன்.

குருவியின் அம்மாவிடம் சொல், மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கட்டும். லைன் இல்லாத தெருக்காரர்களை வார்டிலேயே வைத்துக்கொள்வதுதான் அவர்கள் விதி.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

அந்தக் கால்விரல்கள் என்னுடையவைதான். நகர முடியவில்லை.

தையல்காரம்மாவிடம் சொன்னேன். நீ சொன்னதாகச் சொல்லவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். "எங்க வீட்டுல லைன் இல்லீங்க. பிள்ளைய இங்கேயே வெச்சுக்கங்க" என்று கவுண்டரில் சொன்னார். அங்கே இருந்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. உங்கள் தெருவில் சேவை உள்ளதுன்னு கம்பெனியே சொல்லுது. கட்டில் இல்லாம வராண்டால நாலு பேர் படுத்திருக்காங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"என் வீட்டுக்கு வந்து பாருங்க."

"ஒவ்வொரு வீடா வந்து பாக்கறதுதான் எனக்கு வேலையா?"

அங்கிருந்து நேராகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே அப்பா இருப்பார். தையல்காரம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "லைன் இருக்குன்னு சொல்றீங்களே, எந்த வீட்டுல இருக்கு? ஒரு வீட்டைக் காட்டு! ஒரே ஒரு வீட்டைக் காட்டு, நான் போயிடறேன்!" ஒருவரும் காட்டவில்லை. அது வெளியில் சொல்லக்கூடாத விவரமாம். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். "உங்க அப்பா பாவம், தலையே நிமிரல. அவருக்கும் மேலதிகாரிங்க இருப்பாங்கல்ல" என்றார். அக்கா, நம் வீட்டில்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நம் வீட்டு நெட்டையே குருவிக்குக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். அவள் வீடு தெருவின் அந்தக் கோடி. நம் வைஃபை வாசற்படியையே தாண்டாது. போன் சிக்னலும் இந்தத் தெருவில் மொட்டைமாடியில் ஏறினால்தான் கிடைக்கும். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "வாயை மூடிக்கிட்டுப் படி" என்றார். பிறகு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

குருவியைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள். "கணக்குப் பரீட்சையிலேருந்து தப்பிக்க நான் எவ்வளவு கஷ்டப்படறேன் பாத்தியா" என்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை தாண்டியதும் அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் சொல். அந்த ஒரு வீட்டிலும் லைன் போய்விட்டால்?

வாண்டு


பிப்ரவரி 22

வாண்டு,

அவசரமாக எழுதுகிறேன், ரொட்டி வண்டி காத்திருக்கிறது. அந்த ஒரு வீடும் போனால் கணக்கில் தெருவே இருட்டுதான். மருத்துவமனைத் திரையில் "சேவை இல்லை" என்று வந்துவிடும். கம்பெனிக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். கற்பனை செய்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால் அப்பா அடுத்த நிமிடம் மாட்டிவிடுவார், உன் முதுகுத்தோலும் உரியும். ஒன்றும் செய்யாதே. நான் இங்கே ஒரு உறுப்பினரிடம் தனியாகப் பேசப் பார்க்கிறேன். கேட்டாயா, ஒன்றும் செய்யாதே.

அக்கா


மார்ச் 2

அக்கா,

நான் செய்துவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கினால் மாட்டிவிடுவார் என்று எழுதியிருந்தாய். கம்பியையே வெட்டினால் அப்படி மாட்ட முடியாது. கண்ணாடி இழையை ஒட்டும் இயந்திரம் நகரத்திலிருந்து வர வேண்டும். அதற்காக அப்பா போனில் கத்துவதை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்.

குருவிக்கு மாற்றுத்துணி எடுத்து வரச் சொல்லித் தையல்காரம்மா என்னிடம் சாவி கொடுத்திருந்தார். அவருடைய பெரிய கத்தரிக்கோல் மெஷின் மேலேயே இருந்தது. நம் வீட்டில் இருப்பது காகிதம்கூட ஒழுங்காக வெட்டாது. எடுத்து வந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். கம்பிக்குள் கண்ணாடி இழையோடு இரும்பும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. கத்தரிக்கோலின் வாய் ஓரம் உடைந்து, பல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. அப்போது அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். கத்தரிக்கோலை வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டு முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நீ சொன்னபடியே நடந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவமனைத் திரையில் "சேவை இல்லை" என்று வந்தது. குருவியை அனுப்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வார்டிலேயே அவள் இதயம் நின்றுபோனது. நர்சுகள் ஓடிவந்து, மார்பை அழுத்தி, எதையோ வைத்து அதிர்வு கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். அம்மாதான் வந்து சொன்னார். "உன் ஃப்ரெண்டு பிழைச்சுட்டா. வீட்டுல இருந்திருந்தா போயிருப்பா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

நேற்று போலீஸ் வந்து தையல்காரம்மாவை அழைத்துப் போய்விட்டது. மருத்துவமனை வராண்டாவிலிருந்து, மகளைப் பார்க்கக் காத்திருந்தவரை. அவருடைய கத்தரிக்கோல், பல் விழுந்த கத்தரிக்கோல், தெருக்கம்பத்தின் அடியில் கிடந்ததாம். கம்பத்தடியில் கம்பி வெட்டப்பட்டிருந்ததாம். அலுவலகத்தில் வந்து சண்டை போட்டவரும் அவர்தானே. ஒரு வீட்டைக் காட்டு என்று கேட்டதற்கு அதுதான் அர்த்தம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அக்கா, நான் வெட்டியது குளியலறை ஜன்னலில். கத்தரிக்கோலை விட்டது வாளிக்குப் பின்னால். நான் கம்பத்தருகே போகவே இல்லை. வாளிக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. ஜன்னல் ஓரம் இருந்த துண்டுக் கம்பியும் இல்லை. கம்பியைப் பிடித்திருந்த ஆணியின் தடத்தில்கூடச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிக்கவில்லை. சாப்பிடும்போது என் தட்டில் அவர் பங்கையும் வைத்தார். "பரீட்சைக்குப் படி கண்ணு. மத்ததையெல்லாம் அப்பா பாத்துக்கறேன்" என்றார். அவர் அடித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என்ன செய்யட்டும்?

வாண்டு


மார்ச் 5

வாண்டு,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன்.

"கற்பனை செய்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதியது நான். ஒன்றும் செய்யாதே என்று இரண்டு தடவை எழுதினேன் என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

நேற்று விசாரணையில் கம்பெனி வக்கீல் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். நம் தெருக்கம்பம். அடியில் கத்தரிக்கோல். "ஒரு பெண்மணி எங்கள் அலுவலகத்துக்கு வந்து எந்த வீட்டில் லைன் என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்து வெட்டிவிட்டார். நாளை எல்லா விவரத்தையும் ஊரறியப் போட்டால் என்ன ஆகும்?" என்றார். "சமூக விரோதிகள்" என்ற சொல்லை என் விரல்தான் அடித்தது. எனக்கு உடை தைத்துக் கொடுத்து, "கொஞ்சம் வளர இடம் விட்டிருக்கேன்" என்று சிரிக்கும் தையல்காரம்மா. உறுப்பினர்கள் எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் தேதி முடிவு. இப்படியே போனால் எந்தப் பட்டியலும் எந்தக் காலத்திலும் வெளியே வராது.

நீ வாய் திறக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ சின்னப்பெண். அப்பாவுக்கு வேலை போகும், சிறைக்கும் போகலாம். அம்மாவின் சம்பளம் வாடகைக்கே காணாது. முதல் மூன்று கடிதங்களிலும் அதைத்தான் எழுதினேன். மூன்றையும் நர்ஸ் அக்கா குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். கிழிக்கச் சொன்னாய், நான் கசக்கித்தான் போட்டிருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "லைன் ஒட்டிட்டாங்கன்னா அந்தப் பொண்ணை எப்போ அனுப்புவாங்க?"

மூன்றையும் கிழித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கையால் எழுதி அனுப்பினால் பன்னிரண்டாம் தேதி எழுந்து நின்று நான் படிப்பேன். டைப் அடிப்பவள் பேசக்கூடாது. பேசினால் அன்றோடு வேலை சரி. அது என் பாடு. நீ எழுதாவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது. உன்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுக்கமாட்டேன். நீயாக வருவதாக இருந்தால் வா.

அக்கா


மார்ச் 9

அக்கா,

இன்று மத்தியானம் இயந்திரம் வந்துவிட்டது. அப்பாவும் இன்னொருவரும் ஏணி போட்டு ஒட்டினார்கள். பரணில் போர்வைக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் வருகிறது. கம்பெனிக் கணக்கில் தெரு மறுபடியும் உயிரோடு இருக்கிறது. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் குருவிய அனுப்பறாங்களாம். பெட்டியோட. அவ அம்மா உள்ள இருக்கறதால பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்க."

நாளை மத்தியானம். பன்னிரண்டாம் தேதிவரை காத்திருக்க முடியாது. ரொட்டி வண்டி உன்னிடம் காலையிலேயே வந்துவிடும். படித்ததும் முதலில் குருவி இருக்கும் மருத்துவமனைக்குப் போ, அப்புறம்தான் கமிஷன். நர்ஸ் அக்காவையும் கூட்டிக்கொண்டு போ. அவள் பேசினால் கேட்பார்கள்.

கீழே எழுதுவதை அவர்களிடம் கொடு.

எங்கள் தெருவில் சேவை இல்லை. ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. அது எங்கள் வீடு. நெட் பெட்டி பரணில் போர்வைக்குள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். டிரைவர் மாமா வீட்டில் லைன் இல்லை. குருவி வீட்டில் இல்லை. கம்பியை வெட்டியது நான். தையல்காரம்மாவுக்கு எந்த வீட்டில் லைன் என்றே தெரியாது. கடைசிவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதை முன்பே ஊருக்குச் சொல்லியிருந்தால் டிரைவர் மாமாவை யாரும் அந்தப் பெட்டியோடு அனுப்பியிருக்க மாட்டார்கள், எனக்கும் வெட்ட வேண்டி வந்திருக்காது. கத்தரிக்கோலைக் கேட்காமல் எடுத்தேன். அதில் பல் விழுந்ததும் என்னால்தான்.

அப்பாவைப் பற்றி எழுதவா வேண்டாமா என்று வெகுநேரமாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். கத்தரிக்கோல் எப்படிக் கம்பத்தடிக்குப் போனது என்று அவர்கள் கேட்பார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். தன் வேலையையும்தான். எது முதலில் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று ராத்திரி பென்சில் சீவிக் கொடுத்தார், சின்ன வயதில் செய்வதுபோல. அவர் கையில் சுண்ணாம்பு இன்னும் நகத்தோரம் இருந்தது. எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதையும் அங்கே சொல். ஆனால் முதலில் குருவியைச் சொல்.

அக்கா, குறட்டைச் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

ரொட்டி வண்டியின் மணி தெருமுனையில் கேட்கிறது. பையைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் கிழிக்காதே. எல்லாருக்கும் காட்டு. கவுண்டர்க்காரருக்கு, கண்ணாடி துடைக்கும் அந்த வக்கீலுக்கு, மூலை வீட்டு மாமிக்கு, படிக்கத் தெரிந்த எல்லாருக்கும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எப்போதும் தட்டமாட்டார், திறந்துகொண்டுதான் வருவார். "கண்ணு, விளக்கு எரியுதே" என்கிறார். நான் தாழ்ப்பாள் போட்டிருப்பது அவருக்குத் தெரிந்துவி